கண்ணுக்குத் தெரியாத வாயுவைப் படம் பிடிக்கும் சின்னப் பெட்டி

தேசிய விண்வெளி தினத்தை ஒட்டி நம் சமுதாயக் கூடத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம் இது. அன்று மைக் பாதியில் மக்கர் செய்ததால் பின்வரிசையில் ஒன்றுமே கேட்கவில்லை என்று பலர் குறைப்பட்டார்கள். அவர்களுக்காகவும், அன்று வர முடியாதவர்களுக்காகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். 34 வருஷம் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ராக்கெட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு, மொட்டை மாடியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா பக்கம் பார்த்துக் கை தட்டுவதோடு சரி. அப்படிப்பட்டவன் செயற்கைக்கோளில் வைக்கும் அகச்சிவப்பு நிறமாலைக் கேமராவைப் பற்றிப் பேச வந்தால், "இவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான்.

காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாள் கணக்கில் புகைந்தது. நம் பிளாக்கில் எல்லோரும் சன்னலை அடைத்துக்கொண்டு, இடுக்கில் ஈரத் துண்டைச் சொருகி வைத்திருந்தோம். என் மனைவிக்கு வீசிங் உண்டு. அந்த வாரம் நெபுலைசர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை விட்டு இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் லிஃப்ட்டில் ஏழாவது மாடிப் பெண்ணைப் பார்த்தேன். இன்ஜினியரிங் கல்லூரியில் மாணவர்கள் சேர்ந்து செய்யும் குட்டிச் செயற்கைக்கோள் குழுவில் இருக்கிற பெண். "அங்கிள், புகை இப்பதான் தெரியுது. அந்தக் குப்பைக்குள்ளேருந்து மீத்தேன் வருஷக்கணக்கா வந்துக்கிட்டுதான் இருக்கு. அது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றது.

கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது? வங்கிக்காரனுக்கு இது உறுத்தும் கேள்வி. வவுச்சரே இல்லாமல் பணம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் தூக்கம் வருமா? அன்று ஆரம்பித்த படிப்பு. தப்பாகப் புரிந்துகொண்ட இடங்களில் எல்லாம் அந்தப் பெண்தான் திருத்தியது. இன்றைக்கும் முதல் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது, எங்கே உளறுகிறேன் என்று.

வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். டிவி ரிமோட்டை எடுத்து அதன் முனையைக் கைப்பேசியின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்து, ஒரு பொத்தானை அழுத்துங்கள். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் வெளிர் ஊதாவாக ஒரு பொட்டு மின்னும். அதுதான் அகச்சிவப்பு. நம் கண் பார்க்கும் ஒளி சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் அலைநீளம் வரைதான். ரிமோட்டின் ஒளி 0.9 மைக்ரானைத் தாண்டியது. கைப்பேசி கேமராவில் இருக்கும் சிலிக்கன் அதுவரை பார்க்கும். கொஞ்சம் மேலே, 1.1 மைக்ரான் வாக்கில் சிலிக்கனும் குருடாகிவிடும். மீத்தேன் பேச ஆரம்பிப்பது அதற்கும் அப்பால், 1.65 மைக்ரானிலும் 2.3 மைக்ரானிலும்.

பேசுவது என்றால் என்ன? சூரிய ஒளி காற்றுக்குள் புகுந்து, தரையில் பட்டு, திரும்ப மேலே போகிறது. வழியில் ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று உள்ள சில அலைநீளங்களை மட்டும் விழுங்கிவிடும். மேலே இருக்கும் செயற்கைக்கோள் அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால், குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெளிச்சம் குறைந்திருக்கும். பாஸ்புக்கில் பற்று விழுந்த வரிகள் மாதிரி. எந்த வரியில் குறைந்தது என்பதை வைத்து எடுத்தவர் யார் என்று சொல்லலாம். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து எவ்வளவு வாயு என்று சொல்லலாம். இந்தப் பாஸ்புக்கை எழுதும் கருவிதான் நிறமாலைமானி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக ஒரு பாஸ்புக் எழுதினால், அது நிறமாலைக் கேமரா.

முதல் வகை, அதாவது ஒரே ஒரு இடத்தைப் பார்க்கும் நிறமாலைமானி, வியக்கத்தக்க அளவுக்குச் சின்னதாகிவிட்டது. ஆர்கஸ் 1000 என்று ஒரு கனடா கருவி இருக்கிறது. எடை கால் கிலோவுக்கும் குறைவு. 1 முதல் 1.7 மைக்ரான் வரை பார்க்கும். அது முதலில் விண்வெளிக்குப் போனது கேன்எக்ஸ்-2 என்ற கனடா மாணவர்களின் செயற்கைக்கோளில், 2008 ஏப்ரல் 28 அன்று, நம் பி.எஸ்.எல்.வி. சி-9 ராக்கெட்டில். அதே வகைக் கருவியைச் சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட்டிலும் வைத்து, 2016 ஜூன் 22 அன்று பி.எஸ்.எல்.வி. சி-34 தூக்கிக்கொண்டு போனது.

அந்த 2016 ராக்கெட்டில் மொத்தம் 20 செயற்கைக்கோள்கள். அவற்றில் இன்னொன்றுதான் இன்றைய பேச்சின் நாயகி. பெயர் கிளேர். கனடாவின் ஜி.எச்.ஜி.சாட் நிறுவனத்துடையது. எடை சுமார் 15 கிலோ. 20 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர், 42 சென்டிமீட்டர். அதாவது நம் வீட்டு மைக்ரோவேவ் அவனை விடச் சின்னது. அது கிளம்பிய காலை நேரத்தில் நான் கவுண்டரைத் திறந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன். தலைக்கு மேலே இப்படி ஒன்று போனது ஆறு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு இடத்தைப் பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் நடுவே என்ன கஷ்டம்? இங்கேதான் விஷயம் ருசிக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதல் கஷ்டம் வெளிச்சம். தாழ்ந்த சுற்றுப்பாதையில் இருக்கும் செயற்கைக்கோளின் கீழே தரை நொடிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 25 மீட்டர் அகலமுள்ள ஒரு இடத்தை ஒரு புள்ளியாக எடுக்க வேண்டுமென்றால், அந்த இடம் கேமராவுக்கு நேராக இருக்கும் நேரம் நொடியில் 280-ல் ஒரு பங்கு. அந்தக் கொஞ்ச நேரத்தில் வரும் வெளிச்சத்தை நூற்றுக்கணக்கான அலைநீளங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு டம்ளர் பாலை 400 பேருக்குப் பங்கு வைப்பது போல. ஒவ்வொருவருக்கும் சொட்டு சொட்டாகத்தான் வரும். அந்தச் சொட்டில் சில சதவீதம் குறைந்திருக்கிறதா என்றுதான் மீத்தேனுக்காகப் பார்க்க வேண்டும்!

பெரிய கண்ணாடி வைத்தால் நிறைய வெளிச்சம் கிடைக்கும். ஆனால் பெரிய கண்ணாடி என்றால் பெரிய செயற்கைக்கோள், பெரிய செலவு. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 25 மீட்டரைப் பிரித்துப் பார்க்க மட்டும் என்றால், 1.65 மைக்ரான் ஒளிக்கு 4 சென்டிமீட்டர் அகலத் தொலைநோக்கியே போதும். கண்ணாடியைப் பெரிதாக்கச் சொல்வது கூர்மை அல்ல, வெளிச்சப் பஞ்சம். இந்தக் கணக்கை ஏழாவது மாடிப் பெண்ணிடம் காட்டினேன். "சரிதான் அங்கிள்" என்றது. ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே இன்க்ரிமென்ட் அதுதான்.

சின்னக் கருவிக்கு இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. ரயிலில் போகும்போது ஸ்டேஷன் பெயர்ப்பலகையை எப்படிப் படிக்கிறீர்கள்? தலையை நேராக வைத்திருந்தால் சட்டென்று போய்விடும். பலகை வரும்போதே அதைப் பிடித்து, அது போகும் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டே படிப்போம். கிளேரும் அதைத்தான் செய்கிறது. குறிப்பிட்ட இடத்தை நோக்கி உடம்பையே திருப்பிக்கொண்டு, போகப் போக ஏறத்தாழ 200 படங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுக்கிறது. பார்க்கும் பரப்பு சுமார் 12 கிலோமீட்டருக்கு 12 கிலோமீட்டர். உலகம் முழுவதையும் பார்க்கிற ஆசையை விட்டுவிட்டது. எங்கே சந்தேகமோ அங்கே மட்டும் உற்றுப் பார்க்கும். ஆடிட்டர்கள் எல்லா லெட்ஜரையும் புரட்ட மாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி.

இரண்டாவது கஷ்டம் சூடு. அகச்சிவப்பு உணரியில் வெளிச்சமே விழாவிட்டாலும், அதன் சொந்தச் சூட்டினாலேயே கொஞ்சம் மின்னோட்டம் ஓடும். இருட்டு மின்னோட்டம் என்பார்கள். கவுண்டரில் வாடிக்கையாளரே வராதபோது கல்லாவில் பணம் ஏறுகிற மாதிரி, பொய்க் கணக்கு. எவ்வளவு நீண்ட அலைநீளத்தைப் பார்க்க வேண்டுமோ, அவ்வளவு குளிர்ச்சி தேவை. 2.3 மைக்ரானில் மீத்தேனின் அடையாளம் அழுத்தமாக விழும். ஆனால் அதைப் பார்க்கும் உணரிகளை நன்றாகக் குளிர்விக்க வேண்டும். அதற்குத் தனிக் குளிர்விப்பான், அதற்கு மின்சாரம், அதற்குச் சூரியத் தகடு, அது ஓடும்போது வரும் அதிர்வைத் தாங்க வேறு ஏற்பாடு. 15 கிலோப் பெட்டியில் இதற்கெல்லாம் இடம் ஏது? 1.65 மைக்ரானில் அடையாளம் கொஞ்சம் மெல்லியது. ஆனால் இன்டியம் காலியம் ஆர்சனைடு என்ற உணரி பெரிய குளிர்ச்சி இல்லாமலே அதைப் பார்த்துவிடும். கிளேரைச் செய்தவர்கள் இதைத்தான் எடுத்தார்கள். வாடகை குறைந்த வீட்டில் ஒரு அறை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று போவோமே, அப்படி ஒரு முடிவு. எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு.

மூன்றாவது, ஒளியை எப்படிப் பிரிப்பது? வீட்டில் பழைய சிடி இருந்தால் விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். வானவில் தெரியும். அதன் நுண்ணிய கோடுகள்தான் ஒளியைப் பிரிக்கின்றன. பெரும்பாலான நிறமாலைக் கேமராக்கள் இந்த வழிதான். தரையின் படத்தில் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் இடுக்கு வழியாக உள்ளே விட்டு, கோடுகள் போட்ட பரப்பில் தட்டி, உணரியில் விரிப்பார்கள். உணரியின் ஒவ்வொரு வரிசையும் தரையில் ஒரு இடம். ஒவ்வொரு பத்தியும் ஒரு அலைநீளம். நம் பழைய லெட்ஜர் பக்கமேதான்.

கிளேரில் இடுக்கே கிடையாது. ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும் இரண்டு அரைக் கண்ணாடிகள். அவற்றின் நடுவே ஒளி முன்னும் பின்னும் எகிறும். அந்த இடைவெளிக்குப் பொருந்துகிற அலைநீளங்கள் மட்டும் வெளியே வரும். ஃபேப்ரி-பெரோ என்று பெயர். ஒளி சாய்வாக வந்தால் பொருந்தும் அலைநீளம் மாறும். அதனால் படத்தின் நடுவில் ஒரு அலைநீளம், வெளியே போகப் போக வேறு வேறு என்று வளையம் வளையமாக விழும். செயற்கைக்கோள் நகரும்போது தரையின் ஒவ்வொரு இடமும் அந்த வளையங்களைக் கடந்து போகும். 200 படத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு இடத்துக்கும் முழுப் பாஸ்புக் கிடைத்துவிடும். இடுக்கு இல்லாததால் முழுப் பரப்பின் வெளிச்சமும் உள்ளே வருகிறது. நீளமான கண்ணாடி ஏற்பாடும் வேண்டாம். அதனால்தான் பெட்டி இவ்வளவு சின்னது.

இலவசமாக எதுவும் வராது. 200 படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருத்த வேண்டும். அதோடு, அரைக் கண்ணாடிகளுக்குள் எகிறிய ஒளியில் கொஞ்சம் வேறு எங்காவது தட்டி, வேறு இடத்தில் போய் விழும். ஆவி பிம்பம் என்பார்கள். ஒரே வவுச்சரை இரண்டு தடவை பதிந்த மாதிரி. கிளேரின் அளவீட்டில் பிழை கூடியதற்கு இந்தத் திருட்டு ஒளி ஒரு முக்கியக் காரணம். அடுத்து 2020 செப்டம்பரில் போன ஐரிஸில் இதையெல்லாம் சரி செய்தார்கள். கிளேர் 50 மீட்டரை ஒரு புள்ளியாகப் பார்த்தது. ஐரிஸ் 25 மீட்டர்.

இடுக்கு வழியில் போகிறவர்களுக்கு வேறு தலைவலி. நீங்கள் லெட்ஜர் எழுதியிருந்தால் உடனே புரியும். கண்ணாடிகள் லேசாகக் கோணினால் உணரியில் கோடுகள் வளையும். பத்தி வளைந்தால், நடுவரிசையில் 1.65 என்று எழுதிய பத்தியில் ஓரத்து வரிசைக்காரருக்கு வேறு அலைநீளம் விழும். இதற்குப் புன்னகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வளைவு அப்படி இருக்குமாம். வரிசை வளைந்தால் இன்னும் மோசம். ஒருவரின் பச்சை நிறம் அவர் கணக்கில், அவரின் அகச்சிவப்பு பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில். அப்புறம் எந்தக் குப்பை மேட்டிலிருந்து வாயு வருகிறது என்று எப்படிச் சொல்வது? இரண்டையும் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குக்குள் அடக்க வேண்டும் என்பது நல்ல கருவிகளின் கட்டுப்பாடு. பிக்சலே தலைமுடியை விட மெல்லியது. நாங்கள் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து டேலி பண்ணியதை வீட்டில் கேலி செய்வார்கள். எங்களை விடக் கெட்டிக்காரர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று இப்போதாவது ஒப்புக்கொள்ளட்டும்.

இதற்கு வழி காட்டியவர்களில் இருவர். ஒருவர் டைசன், 1959-ல் ஒரு லென்ஸும் ஒரு குழிக் கண்ணாடியும் ஒரே மையத்தைச் சுற்றி அமைந்தால் படம் கோணாமல் விழும் என்று காட்டினார். இன்னொருவர் ஏப் ஆஃப்னர். 1970-களில் கண்ணாடிகளை மட்டும் ஒரே மையத்தில் வைத்து அதே வேலையைச் செய்தார், அதுவும் சிலிக்கன் சில்லு அச்சடிக்கும் இயந்திரத்துக்காக. பிற்பாடு அந்த நடுக் கண்ணாடியில் நுண்கோடுகளைப் பொறித்ததும் அதுவே நிறமாலைக் கேமரா ஆகிவிட்டது. நம் சந்திரயான்-1-ல் போன நாசாவின் எம்-3 கருவி ஆஃப்னர் வகை. எடை 8 கிலோ வாக்கில்தான். 3 மைக்ரான் வரை பார்த்து, நிலவின் பரப்பில் நீரும் அதன் உறவான ஹைட்ராக்சிலும் இருப்பதைக் கண்டுபிடித்து, 2009 செப்டம்பரில் அறிவித்தது.

சின்ன விஷயம் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி இறுகிக்கொண்டால் என்ன செய்வோம்? வெந்நீரில் காட்டுவோம். உலோகம் கண்ணாடியை விட அதிகம் விரியும், மூடி இளகும். விண்வெளியில் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போகும் கருவியில் இப்படி ஒன்று இளகினால் போச்சு. அதனால் பல கருவிகளில் கண்ணாடியையும் அலுமினியத்திலேயே கடைந்து, சட்டத்தையும் அலுமினியத்திலேயே செய்துவிடுகிறார்கள். சுருங்கினால் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கட்டும் என்று.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது? 2019 ஜனவரியில் கிளேர் துர்க்மெனிஸ்தானில் ஒரு மண் எரிமலையைப் பார்க்கப் போனது. அதற்குப் பதிலாக, பக்கத்தில் கோர்பெஜே எண்ணெய், எரிவாயு வயலில் யாரும் எதிர்பார்க்காத அளவு மீத்தேன் கசிவது படத்தில் விழுந்தது. மணிக்கு 10 டன்னுக்குக் குறையாது. மிக மோசமான நேரத்தில் 40 டன்னையும் தாண்டியது. தகவல் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த ஆண்டே அது நின்றது. மீத்தேன் 20 வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 80 மடங்கு சூடேற்றும். அதே சமயம் காற்றில் 12 வருஷம் வாக்கில்தான் தங்கும். ஆகவே இன்று ஒரு குழாயை அடைத்தால், பலன் நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை காத்திருக்காமல் நமக்கே தெரியும்.

குப்பை மேடுகளுக்கு வருகிறேன். ஈரக் குப்பையைக் காற்றுப் படாமல் மேலே மேலே கொட்டிப் புதைத்தால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதை மீத்தேனாக்கும். டெல்லி, மும்பை, லாகூர், பியூனஸ் அயர்ஸ் குப்பைக் கிடங்குகளை இந்த வகைச் செயற்கைக்கோள்களால் அளந்து 2022-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. 2024 ஆகஸ்ட் 16 அன்று டானேஜர்-1 போனது. நாசாவின் ஜே.பி.எல். வடிவமைத்த டைசன் வகைக் கேமரா, 0.4 முதல் 2.5 மைக்ரான் வரை பார்க்கும். அது வேலை தொடங்கி எடுத்த முதல் படங்களில் ஒன்று, செப்டம்பர் 19 அன்று, கராச்சிக் குப்பைக் கிடங்கு. 4 கிலோமீட்டர் நீளத்துக்கு மீத்தேன் இழுத்துக்கொண்டு போகிறது. மணிக்கு சுமார் 1,200 கிலோ என்று கணக்கு. நம் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கும். வேறு வாயுதான், இருந்தாலும் எடையை மட்டும் பாருங்கள்: மணிக்கு 84 சிலிண்டர்!

கூட்டத்தில் நான் இதைச் சொன்னதும், தரைத்தள மாமி கேட்டார், "மழைக்காலத்துல தெரியுமா?" என்று. நல்ல கேள்வி. தெரியாது. மேகம் வந்தால் மறைத்துவிடும். இரவிலும் முடியாது, சூரிய ஒளி வேண்டும். கடலும் ஏரியும் இந்த அலைநீளத்தில் கறுப்பாகத்தான் இருக்கும். ஒளி திரும்பி வந்தால்தானே கணக்கு எழுத முடியும்? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் அந்தப் பக்கம் எதை அளப்பதும் சிரமம்தான். காற்று எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதும் தெரிய வேண்டும்; அது இல்லாமல், படத்தில் தெரியும் வாயுவை மணிக்கு இத்தனை கிலோ என்று மாற்ற முடியாது.

இன்னொருவர், மூன்றாவது மாடி சார், "இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க வச்சிருப்பாங்க, நமக்கு யார் காட்டப் போறாங்க?" என்றார். காட்டுகிறார்கள். டானேஜரின் மீத்தேன் படங்களைக் கார்பன் மேப்பர் என்ற அமைப்பு இணையத்தில் யாரும் பார்க்கும்படி வரைபடமாகவே போட்டிருக்கிறது. கட்டணம் இல்லை. எனக்கு அதைத் திறந்து பார்க்கும் விதம் ஓரளவு பழகிவிட்டது. வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பேன். ஏழாவது மாடிப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கும், படிக்கும் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். நம் குடியிருப்பின் ஈரக் குப்பை வண்டி எங்கே போகிறது என்று செயலாளரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அந்தச் சீட்டையும் கொண்டு வருகிறேன்.